கொச்சியின் முன்வாசல்

காலை எட்டரை மணி வாக்கில் எர்ணாகுளம் படகுத்துறையை அணையும் படகிலிருந்து சாப்பாட்டுப் பையும் குடையுமாக ஒரு கூட்டம் இறங்கும். கடை, வங்கி, கல்லூரி என்று அது ஆளுக்கொரு திசையில் கலைந்த பிறகுதான் ஃபோர்ட் கொச்சிக்குப் போகிறவர்கள் ஏற முடியும். பழைய கொச்சியைப் பார்க்க வரும் வெளியூர்க் குடும்பங்களில் பலர் இந்தத் துறைப் பக்கமே வருவதில்லை. ரயிலடியிலேயே காரை அமர்த்திக்கொண்டு பாலம் ஏறிவிடுகிறார்கள். அது கொல்லைப்புறமாக ஊருக்குள் நுழைகிற வழி. கொச்சியின் முன்வாசல் தண்ணீரில்தான் இருக்கிறது.

அதற்குக் காரணமும் தண்ணீரே. 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறைமுகமான முசிறிப் பக்கத்து முகத்துவாரத்தைத் தூர்த்துவிட்டுக் கொச்சியில் கடலுக்கு வழி திறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. வணிகம் தெற்கே நகர்ந்தது. 1503இல் போர்த்துகீசியர் இங்கே கோட்டை கட்டினார்கள்; 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள்; 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. வந்தவர்கள் எல்லாரும் கப்பலில் வந்தார்கள், ஊரையும் அதற்கேற்பவே கட்டினார்கள். மட்டாஞ்சேரி பஜார் சாலையில் நடக்கிறவருக்கு மிளகு, சுக்கு மண்டிகளின் குறுகலான முகப்பு மட்டுமே தெரியும். அதே பண்டகசாலை பின்னால் நீண்டு காயல் வரைக்கும் போய், தோணியில் சரக்கு ஏற்றி இறக்க வசதியாக நீர்க்கரையில் முடிவதைப் படகில் போகிறவர்தான் பார்க்கிறார்.

இந்தப் படகுகளை ஓட்டும் கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை 1968 முதல் இயங்கிவருகிறது. அதன் பழைய படகில் சுற்றிலும் பார்க்கும் ஆர்வத்தோடு, படகு ஓடும் விதத்தையும் கவனிக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் ஸ்ராங்கு. முன்னால் நிற்கும் அவருக்கு எஞ்சின் கைக்கெட்டாது. எஞ்சின் ஓட்டுபவரோ படகின் நடுவே, பயணிகளுக்கு மத்தியில் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வெளியே எதுவும் தெரியாது. இருவருக்கும் இடையே இருப்பது ஒரு மணிக் கயிறு. ஸ்ராங்கு இழுக்க, மணி ஒலிக்க, எஞ்சின் வேகம் கூடும், குறையும், பின்னோக்கி உறுமும். துறை நெருங்கியதும் லஸ்கர் என்ற படகு ஊழியர் வடக் கயிற்றோடு தாவி, கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிக்கிறார். மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வரும்போது இந்த மணிப் பேச்சு இன்னும் அடிக்கடி கேட்கும்.

வழியில் வருகிற வில்லிங்டன் தீவு இயற்கையாக எழுந்ததல்ல. 1920இல் கொச்சிக்கு வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் முகத்துவார மணல்திட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணால் உருவாக்கப்பட்ட தீவு இது. இதைத் தாண்டியதும் ஒரு பக்கம் துறைமுகப் பாரந்தூக்கிகள், மறுபக்கம் ஓட்டுக்கூரைப் பண்டகசாலைகள். இந்தக் காட்சி டாக்சி ஜன்னலில் கிடைக்காது.

கரையேறினால் சீன மீன்பிடி வலைகளும், 1524இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயமும் நடக்கிற தூரத்திலேயே இருக்கின்றன. மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடத்துக்கும் போகத்தான் வண்டி வேண்டும். ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பஸ்ஸிலும் போகலாம், இப்போது தண்ணீரிலும் வழி உண்டு.

2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் படகுகள் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் உருவானவை. மின்கலத்தில் ஓடுகின்றன, குளிர்சாதன வசதி உண்டு, பெரிய படகில் நூறு பேர் போகலாம். அதன் உண்மையான சிறப்பு குளிர்சாதனம் அல்ல, மிதக்கும் துறை. காயலில் ஓதம் ஏறி இறங்கும்போது துறையும் சேர்ந்து ஏறி இறங்குவதால் படகின் தளமும் கரையின் தளமும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவர் யார் கையையும் பிடிக்காமல் ஏறிவிடலாம். முழங்கால் வலியுள்ள பாட்டிமார்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! ஆனால் புதிய படகின் பளபளப்பில் பழைய படகைக் கைவிடுவது அநியாயம். தினமும் வேலைக்குப் போய்வரும் கூலிக்காரருக்கு, சில ரூபாயில் கரை சேர்க்கும் அரசுப் படகே பாதை.

திரும்பும்போது பஸ்ஸில் வருவது நல்லது. அப்போதுதான் மனிதர்கள் வாழும் கொச்சி தெரியும். பெயர்ப்பலகை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும்; தமிழிலேயே கேட்டாலும் நடத்துநர் பதில் சொல்வார். தோப்பும்படி வழியாகப் போகும் பஸ், பள்ளிப் பிள்ளைகளையும் மீன் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு சந்துகளில் நுழைந்து வெளிவரும். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில் சலவைத் துறை இருக்கிறது. டச்சுப் படையின் துணிகளை வெளுக்க அழைத்துவரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துணி துவைத்து, புரிக்கயிற்றின் முறுக்கில் செருகிக் காயப்போடுகிறார்கள்.

ஃபோர்ட் கொச்சிக்கு நேரெதிரே வைப்பின் தீவு. நடுவில் கப்பல் வழி மட்டும்தான். சாலையில் போனால் எர்ணாகுளத்தைச் சுற்றி வர வேண்டும். 2015 ஆகஸ்டில் இந்தக் குறுகிய நீரில்தான் பயணிகள் படகின்மீது மீன்பிடிப் படகு மோதி 11 உயிர்கள் போயின. 2018இல் வாகனங்களையும் ஆட்களையும் ஒன்றாக ஏற்றும் சேதுசாகர் என்ற இரண்டு ரோரோ படகுகள் வந்தன. உள்ளூரில் பழைய பழக்கத்தில் ஜங்கார் என்றே சொல்கிறார்கள். எர்ணாகுளத்தோடு வைப்பினை இணைத்து 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறந்த பிறகும், தீவிலிருந்து வந்த தனியார் பஸ்கள் நெடுங்காலம் நகருக்குள் விடப்படாமல் உயர் நீதிமன்றச் சந்திப்பிலேயே நிறுத்தப்பட்டன. மக்கள் அங்கே இறங்கி வேறு பஸ் பிடித்தார்கள். பாலம் கட்டினால் மட்டும் ஊர் இணைந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஜங்கார் விஷயத்திலும் இதே கதைதான். இரண்டில் ஒன்று பழுதுபார்க்கப் போனால் ஸ்கூட்டர்களும் மீன் வண்டிகளும் ஆம்புலன்ஸும் ஒரே வரிசையில் காத்துக் கிடக்கின்றன. மூன்றாவது படகு வேண்டும் என்று வைப்பின்காரர்கள் கேட்பதில் ஆடம்பரம் எதுவும் இல்லை.