எங்குக் கண்டாய்?

மார்கழித் திங்களில் நீலகிரி மலைமேல் கதிரவன் விரைந்து மறைவான். அத்தகைய ஒரு மாலையில், குன்னூரில் என் இல்லத்து முன்றிலில் கம்பளியைப் போர்த்து அமர்ந்திருந்தேன். கீழே தேயிலைச் சரிவுகளில் மூடுபனி மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது. அப்பொழுது அண்மையிலுள்ள தோட்டக் குடியிருப்பைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, கையில் தாட்கட்டு ஒன்றுடன் வந்து வணங்கினாள். அவள் கல்லூரியில் வரலாறு பயில்பவள்.

"ஐயா, ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதியுள்ளேன். பிழை நோக்கித் தருதல் வேண்டும்" என்றாள்.

இலங்கையின் மலையகத்திலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய தோட்டத் தொழிலாளரின் வரலாறே கட்டுரையின் பொருள். அவளுடைய பாட்டனாரும் அங்ஙனம் வந்தவரே. இளமையில் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின்னர் இம்மலையை அடைந்தவர். அத்தகையோர்க்கு வாழ்வளிக்கவே தமிழக அரசு 1968 ஆம் ஆண்டில் இங்குத் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இவற்றையெல்லாம் அவள் உள்ளம் உருகுமாறு எழுதியிருந்தாள்.

சந்திப்பிழைகளைத் திருத்திக்கொண்டே சென்ற யான் ஓரிடத்தில் நின்றேன். இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்பிய மக்களின் தொகை, இரண்டாம் பக்கத்தில் 5,25,000 என்றிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் 6,00,000 என்றிருந்தது.

"குழந்தாய், இவற்றுள் எது மெய்?"

"இரண்டையும் இணையத்தில் கண்டேன், ஐயா."

"இணையத்தில் எங்குக் கண்டாய்?"

அவள் விடை கூறவில்லை. கட்டுரையின் இறுதிப் பக்கத்தைப் புரட்டினேன். 'ஆதாரம்: இணையம்' என்னும் இரண்டே சொற்கள் அங்கு இருந்தன. ஊரும் தெருவும் குறியாது 'தமிழ்நாடு' என்று மட்டும் முகவரி எழுதிய மடல் எவ்வீட்டைச் சென்று சேரும்?

அவள் தன் கைப்பேசியில் நெடுநேரம் தேடினாள். முதல் எண் இருந்த பக்கம் கிடைத்தது. 1964 ஆம் ஆண்டில் லால் பகதூர் சாத்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையைப் பற்றியது அது. அதன்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க ஒப்பின. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும் என விடப்பட்டது. இரண்டாம் எண் இருந்த பக்கமோ மறைந்துபோயிற்று.

யான் சிறிது எண்ணிப் பார்த்தேன். 1974 ஆம் ஆண்டில் இந்திரா காந்தி அம்மையார் காலத்தில் மற்றோர் உடன்படிக்கை ஏற்பட்டது. எஞ்சிய மக்களை இரு நாடுகளும் 75,000 பேராகப் பகிர்ந்துகொண்டன. முன்னைய தொகையுடன் இதனைக் கூட்டினால் 6,00,000 ஆகும். எனவே இரண்டு எண்களும் மெய்யாதல் கூடும், ஆண்டுகளே வேறு. ஆயினும் ஏற்க ஒப்பிய தொகை வேறு. உண்மையில் வந்து சேர்ந்தோர் தொகை வேறு. மறைந்த பக்கம் இவற்றுள் எதனைக் கூறிற்று என்பதை எங்ஙனம் அறிவது?

"அம்மா, இது வெறுங் கணக்கன்று. இவ்வெண்ணில் ஒன்று உன் பாட்டனார். சான்று இல்லையேல், நாளை ஒருவர் இவ்வரலாறே பொய் என்பார். அன்று நீ எதனைக் காட்டுவாய்?" என்றேன். அவள் கண்கள் கலங்கின.

அவளைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதி உண்டோ? இளமையில் நூலகங்களில் அமர்ந்து யான் எழுதிய குறிப்பேடு ஒன்று இன்றும் பேழையில் உள்ளது. நூற்பெயரும் பக்க எண்ணும் குறியாமல் அரிய செய்திகளை மட்டும் அதில் எழுதி வைத்தேன். 'நினைவில் இருக்கும்' என்று செருக்குற்றேன். இன்று அவற்றுள் ஒரு வரியையேனும் துணிந்து எடுத்தாள இயலவில்லை.

நம் முன்னோர் இத்தவற்றைச் செய்தாரல்லர். தொல்காப்பியர் தமக்கு முன்னிருந்த புலவரின் கொள்கையைக் கூறுமிடத்து 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் குறித்தார். உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டி விளக்கினர். 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், தம் பதிப்புகளில் ஏடு உதவியோரின் பெயர்களை நன்றியுடன் குறித்தார். பாடவேறுபாடுகளையும் மறையாது காட்டினார். ஏடு மின்னேடாக மாறினும் அறம் மாறுவதில்லை.

ஆதலின் அவளுக்கு யான் கூறியவை இவை: எழுதியவர் பெயர், கட்டுரையின் தலைப்பு, வெளியிட்ட தளம் அல்லது நிறுவனம், வெளியிட்ட நாள், இணைய முகவரி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். எழுதியவர் பெயர் இல்லையேல் நிறுவனத்தின் பெயரை இடலாம். நீ அப்பக்கத்தைக் கண்ட நாளையும் எழுதுக. ஏனெனில், அச்சிட்ட நூல் மாறாது. இணையப் பக்கமோ இன்றிருந்தவாறு நாளை இராது. பக்கத்தின் படி ஒன்றைச் சேமித்து வைத்தலும் நன்று. பழைய பக்கங்களைக் காத்துவரும் இணைய ஆவணக் காப்பகமும் உண்டு. மறைந்த பக்கத்தை அங்குத் தேடிப் பார்க்கலாம். விக்கிப்பீடியா போன்று பலர் கூடித் திருத்தும் பக்கத்தைக் கண்டால், அங்கேயே நின்றுவிடாதே. அஃது எந்நூலைச் சுட்டுகிறதோ அந்நூலை நாடிச் செல்க. மின்வடிவில் நூலைப் படித்தாயின், நூற்பெயரையும் பக்க எண்ணையும் விடாதே.

பத்து நாள் கழித்து அவள் மீண்டும் வந்தாள். இரண்டு எண்களும் தத்தம் ஆண்டுகளுடனும் சான்றுகளுடனும் தெளிவாக நின்றன. மறைந்த பக்கத்தை நம்பி எழுதிய வரிகளை அவளே நீக்கியிருந்தாள். சான்றுப் பட்டியலின் இறுதியில் ஒரு வரி இருந்தது: தன் பாட்டனாரின் பெயர், அவர் கூறிய செய்தி, கேட்ட இடம், கேட்ட நாள்.

"தாத்தாவிடம் படித்துக் காட்டினேன், ஐயா. 'என் பெயரும் புத்தகத்தில் ஏறுமா?' என்று கேட்டார்" என்றாள்.

மாணவர்களே, பிறர் தேடித் தந்த அறிவை நாம் பெறுகின்றோம். தந்தவர் இன்னார் எனக் கூறுதல் நன்றி. சென்று காண வழி கூறுதல் நேர்மை. எழுதுகோல் எடுக்கும்போதெல்லாம், 'எங்குக் கண்டாய்?' என்று உங்களை நீங்களே வினவிக்கொள்ளுங்கள்.