அப்பா கேட்ட கேள்வி

ரிமோட் கன்ட்ரோல் நமக்குப் புதிதல்ல. 1898-லேயே நிக்கோலா டெஸ்லா நியூயார்க்கில் ஒரு சிறு படகை வயரில்லாமல் ஓட்டிக் காட்டினார். நான் சொல்ல வந்தது அவ்வளவு பெரிய கதையல்ல. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் ரூமில் நடந்தது.

அந்தத் தோட்டத்தில்தான் அப்பா வேலை செய்கிறார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அந்தக் கர்வமும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

தோட்டத்துக்காரர் லைசென்ஸ் வாங்கிய ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர். 2004 சுனாமியில் அந்தமானில் போன்கள் செத்துப்போனபோது, போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் ரேடியோவில் செய்தி அனுப்பியதை அவர் சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அவர் குடியிருப்பது பீளமேட்டில் அடுக்குமாடி வீடு. ஆண்டெனா கட்ட இடமில்லை, இரைச்சலும் அதிகம். "செட்டு தோட்டத்துல இருக்கட்டும் தம்பி, நான் இங்கிருந்தே பேச ஒரு வழி பண்ணு" என்றார்.

இரண்டு தென்னைகளுக்கு நடுவே 7 மெகாஹெர்ட்சுக்கு 66 அடி டைபோல் கட்டினோம். செட்டின் சீரியல் போர்ட்டை ஒரு ராஸ்பெர்ரி பையோடு இணைத்தேன். அலைவரிசை மாற்றும் கட்டளையும் குரலும் இன்டர்நெட்டில் போகும். செட்டை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்ற ஒரு ரிலே.

அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "கண்ணு, நம்ம போர் மோட்டாரையும் போன்லதான் போடறோம். தண்ணி இல்லீன்னா அது தானா நின்னுக்குது. உன்ற பெட்டி நிக்குமா?"

"அது வேறீங்கப்பா, உங்களுக்குப் புரியாது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டில் உட்கார்ந்தோம். லைசென்ஸ் அவருடையது, அதனால் இயக்கியதும் அவர்தான். ஆண்டெனாவைச் சோதிக்கக் கேரியர் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து நெட் போய்விட்டது. நிறுத்தும் கட்டளை போய்ச் சேரவில்லை. செட் அங்கே கேரியரை விட்டபடி நிற்கிறது. அப்பாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது.

சிறிது நேரத்தில் அவரே கூப்பிட்டார். "செவப்பு லைட்டு அணையவே இல்ல கண்ணு, பெட்டி கொதிக்குது. மெயினை ஆஃப் பண்ணிட்டேன். தப்பாயிருச்சா?"

நான் என்ன சொல்வது! தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும், ஸ்டார்ட்டர் அதை உணர்ந்து ட்ரிப் ஆகும் என்று நானே பாடத்தில் படித்தவன். அப்பா அதைத் தினமும் கண்ணால் பார்ப்பவர். கேள்வி ஒன்றுதான். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் ஒரு 555 ஐ.சி., ஒரு பி.என்.பி. டிரான்சிஸ்டர், 47 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் வைத்து ஒரு சர்க்யூட் போட்டேன். பீளமேட்டுக் கம்ப்யூட்டர் விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அது வந்து சேர்ந்தால்தான் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகும். வராவிட்டால் 1.1 ஆர்.சி. கணக்குப்படி சுமார் 5 விநாடியில் ரிலே விழும், டிரான்ஸ்மிட் நிற்கும். கரண்ட் போனாலும் ரிலே விழும்.

மறுபடி சோதித்த அன்று நான் தோட்டத்தில் இருந்தேன். நெட் வயரை அப்பாவையே பிடுங்கச் சொன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினார். அஞ்சு சொல்லும்போது 'டிக்' என்றது. சிவப்பு விளக்கு அணைந்தது.

"இப்பச் செரி" என்று சொல்லிவிட்டு மடை திருப்பப் போய்விட்டார்.

நண்பர்களே, ப்ராஜெக்ட் செய்யும்போது 'ஓடுமா?' என்று மட்டும் பார்க்காதீர்கள், 'நிற்குமா?' என்றும் பாருங்கள். வீட்டில் யாராவது கேள்வி கேட்டால் 'உங்களுக்குப் புரியாது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.