யாருப்பா தூக்கினது?

போடியிலிருந்து போடிமெட்டுக்கு மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு ஞாபகம் உண்டு. ஒன்றில் வண்டி பஞ்சர், ஒன்றில் குரங்கு பிடுங்கிய பரோட்டா பார்சல், ஒன்றில் காதலைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்து வாந்தி எடுத்தது... இப்படி. ஆனால் ஒரே ஒரு வளைவை மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு கடக்கத்தான் ஆசைப்படுவேன். பைக் ஓட்டுகிறவன் கண்ணை மூடினால் 108-ல்தான் கண் திறக்க வேண்டும் என்பதால் மூடுவதில்லை.

2011-ல் நடந்த கதை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். (இன்னமும் அதே வேலைதான். பேனா போய் கம்ப்யூட்டர் வந்ததுதான் புரமோஷன்.) ஒருநாள் சாயங்காலம் நானும் என் நண்பனும் பூப்பாறையிலிருந்து பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஏலத்தோட்டத்து வேலை முடிந்து கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப். எங்கள் பக்கத்து ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பது அந்த ஜீப்புக்கே தெரியாது.

ஒரு வளைவில் எதிரே லாரி வர, ஜீப் பாறை பக்கமாக ஒதுங்கி மோதி நின்றது. பெரிய விபத்து என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் சிராய்ப்புதான். ஆனால் பின்னால் தொங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மா மட்டும் ரோட்டில் விழுந்து கிடந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வலது தொடை கோணலாக மடங்கியிருந்தது.

"வேணாம் மாப்ள... போலீஸ் கேஸாயிரும். சாட்சி, கோர்ட்டுன்னு அலைய விட்ருவாய்ங்க" என்றான் நண்பன்.

எனக்கும் பயம்தான். ஆனால் அந்த அம்மா, "ராசா... ராசா..." என்று என்னைப் பார்த்தே கூப்பிட்டுத் தொலைத்துவிட்டார். செல்போனில் டவர் இல்லை. கீழே போகிற ஒரு மினி லாரியை மறித்தோம். ஆளுக்கொரு கை, ஆளுக்கொரு கால். குண்டுக்கட்டாகத் தூக்கினோம். அந்த அம்மா போட்ட அலறல் பள்ளத்தாக்கில் மோதித் திரும்பி வந்தது. 'உசிரு இருக்குல்ல, கத்தட்டும்' என்று தேற்றிக்கொண்டு, லாரியில் சாய்த்து உட்காரவைத்து, தண்ணீரும் கொடுத்து, கீழே கொண்டுவந்து சேர்த்தோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டை நீட்டி, "கொண்டுவந்தவர் பேரு, விலாசம்" என்றார்கள். நண்பன் கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் ஒன்பதாம் வகுப்பு கணக்கு வாத்தியாரின் பெயரை எழுதினான். அவர் அடித்த அடிக்கு அதுதான் பழி வாங்கின லட்சணம்!

உள்ளேயிருந்து டாக்டர் வந்தார். "யாருப்பா தூக்கினது?"

பாராட்டப்போகிறார் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனேன்.

"தம்பி... உடைஞ்ச எலும்பு நிக்கிற இடத்துல நிக்காது. காலைக் கட்டாம தூக்கினா அது உள்ளுக்குள்ள கத்தி மாதிரி அறுக்கும். அடுத்த தடவை கட்டிட்டுத் தூக்குங்க" என்றார். திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் அன்றோடு மறந்திருப்பேன்.

போலீஸ் வருவதற்குள் நண்பன் என்னை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

ஆறு மாதம் கழித்து சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கையில் கம்பு. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். தப்பித்துப் போகலாம் என்று பார்த்தால், அவரே அடையாளம் கண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ தூக்கலைன்னா நான் அங்கனயே போயிருப்பேன் ராசா. நீ நல்லா இருக்கணும்" என்றார். அந்தக் கால் அப்படி ஆனது விழுந்ததாலா, நான் தூக்கியதாலா? எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

பிறகு வந்தது 2018, மார்ச் 11. ஞாயிற்றுக்கிழமை.

குரங்கணி என்றால் இன்று தமிழ்நாட்டுக்கே தெரியும். அதற்கு முன்னால், போடியிலிருந்து பஸ் போகிற கடைசி ஊர், அவ்வளவுதான். மலையேற வந்திருந்த இளைஞர்களையும் பெண்களையும் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு குழு. ஒன்பது பேர் மலையிலேயே போய்விட்டார்கள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரிகளில் போராடி, அடுத்தடுத்த நாட்களில் போனவர்களையும் சேர்த்தால் இருபதுக்கும் மேல். பெரும்பாலும் நம்மைப் போல ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள். லீவு நாளில் மலை பார்க்க வந்தவர்கள்.

விமானப்படை ஹெலிகாப்டர், கமாண்டோ படை எல்லாம் வந்தது. ஆனால் அந்த முதல் ராத்திரி, இருட்டில் மேலே ஏறியவர்களில் குரங்கணி ஊர்க்காரர்களும் மலைவாசிகளும் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். கம்பளியையும் போர்வையையும் கம்பில் கட்டி, டோலியாக்கித் தோளில் சுமந்து இறக்கினார்கள். எங்கள் மலைக்கு ஆம்புலன்ஸ் அதுதான். பிரசவ வலி வந்தாலும் டோலி, பாம்பு கடித்தாலும் டோலி. ரோடு இல்லாத மலைக் கிராமங்களில் இன்றும் அதுதான்.

அந்த வாரம் கடையில் யாருக்கும் கணக்கு ஓடவில்லை. எனக்கு அந்த அம்மாவின் "ராசா" என்ற குரல் மறுபடி கேட்க ஆரம்பித்தது. நேராகப் போய் முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, கண்டக்டர் வேலைக்குப் போகப் போறீங்களா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நம்மூரில் கண்டக்டர் லைசென்ஸ் வேண்டுமென்றால் முதலுதவிச் சான்றிதழ் வேண்டும். வகுப்பில் எனக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் வருங்கால கண்டக்டர்கள்தான். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற அமைப்பு 1877-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. டாக்டர் வருவதற்கு முன்னால் சாதாரண ஆளுக்கும் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அது கப்பலேறி வந்து கடைசியில் நம்ம டவுன்பஸ் விசிலில் வந்து நிற்கிறது!

அந்த வகுப்பில்தான் எனக்குத் தெரிந்த வைத்தியம் எல்லாம் தப்பு என்று தெரிந்தது. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுக்கக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். அடிபட்டவருக்கு சோடா, காபி கூடாது. ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். தீக்காயத்துக்கு இங்க்கும் பேஸ்ட்டும் கூடாது. சாதாரணக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிஷம் ஊற்ற வேண்டும். ஐஸ் கூடாது. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக்கூடாது.

நெஞ்சை அழுத்துவதற்கு ஒரு பொம்மை வைத்திருந்தார்கள். மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். முப்பது அழுத்தலுக்கு இரண்டு தடவை வாயில் ஊத வேண்டும். நான் அழுத்தியதைப் பார்த்துவிட்டு வாத்தியார், "சார், பரோட்டாவுக்கு மாவு பிசையுறீங்களா?" என்றார்.

எலும்பு முறிவுப் பாடம் வந்தது. அடிபட்ட காலை இருக்கிற நிலையிலேயே அசையாமல் பட்டை வைத்துக் கட்ட வேண்டும். பட்டை கிடைக்காவிட்டால்? நல்ல காலையே பட்டையாக்கி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். ஒரு துண்டு, ஒரு சேலை, இரண்டு நிமிஷம். அன்று எங்களிடம் இதெல்லாம் இருந்தது. தெரியாமல்தான் இருந்தது. அன்று வகுப்பு முடிந்து நான் டீ குடிக்கப் போகவில்லை.

மலை மீட்பு பற்றித் தேடிப் படித்தபோதுதான் அமெரிக்காவில் 'ஸ்கி பெட்ரோல்' என்று ஒரு கூட்டம் இருப்பது தெரிந்தது. பனிமலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள் விழுந்தால் தூக்க வருகிற தொண்டர் படை. நமக்குப் பனி என்றால் மார்கழியில் காதில் சுற்றுகிற மஃப்ளர்தான். ஆனாலும் அந்தக் கதை எனக்கு ரொம்ப நெருக்கமாகப் பட்டது.

ஆரம்பித்தவர் டாக்டர் இல்லை. நம்மை மாதிரி ஆபீஸ்காரர். மினாட் டோல் என்று பெயர், இன்சூரன்ஸ் தொழில். 1936-ல் வெர்மான்ட் மலையில் சறுக்கும்போது கணுக்கால் முறிந்தது. உதவிக்கு ஆளில்லை. நண்பர்கள் ஒரு கூரைத் தகரத்தைக் கொண்டுவந்து, அதில் போட்டு இழுத்து இறக்கினார்கள். நம்ம டோலிக்கு அவர்கள் ஊர் அண்ணன்! சில வாரங்களில், அன்று உதவிய நண்பர்களில் ஒருவரே பந்தயத்தில் விழுந்து இறந்துபோனார். அந்த வேதனையில் டோல் கிளம்பினார். 1938-ல் தேசிய அளவில் படை உருவானது. இன்று அதில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். முதலில் செஞ்சிலுவைச் சங்கத்து முதலுதவிப் பாடத்தைத்தான் படித்தார்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற ஊருக்கு எழுதிய பாடம் மலைக்குப் போதாது என்று 1980-களில் தங்களுக்கென்றே தனிப் பாடம் வகுத்தார்கள். ஒருதடவை பாஸானால் போதாது, வருஷா வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். நாம் டிகிரி வாங்கிய மறுநாளே புத்தகத்தை எடைக்குப் போடுகிற ஜாதி.

அவர்கள் முதலில் கற்பது சட்டம். நினைவோடு இருப்பவரிடம், "உதவலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். நினைவில்லையென்றால் சம்மதம் என்றே அர்த்தம். தொட்ட பிறகு, அடுத்த பொறுப்பான கையில் ஒப்படைக்காமல் நகரக் கூடாது. கணக்கு வாத்தியார் பெயரை எழுதிவிட்டு ஓடுவது இந்தப் பாடத்தில் வராது.

நம்மூர்ச் சட்டம்? என் நண்பனின் பயம் இருக்கிறதே, அது ஊர் முழுக்க இருந்த பயம். 1989-லேயே சுப்ரீம் கோர்ட், பர்மானந்த் கட்டாரா வழக்கில், "முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் நடைமுறை அப்புறம்" என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. 2016 மார்ச்சில், விபத்தில் உதவுகிறவர்களைத் துன்புறுத்தக்கூடாது என்ற நெறிமுறைகளுக்கு அதே கோர்ட் சட்டத்தின் பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு, காசு எதிர்பார்க்காமல் உதவினால், அதில் தெரியாமல் ஏதாவது தவறு நடந்தாலும் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. பெயர், விலாசம் சொல் என்று கட்டாயப்படுத்த முடியாது. சாட்சியாக வருவதும் உங்கள் விருப்பம்தான்.

ஒரு சூட்சுமம். அந்தப் பிரிவு வாகன விபத்துக்குத்தான். மலையில் கால் தவறி விழுந்தவருக்கும் காட்டுத் தீயில் சிக்கியவருக்கும் அது பொருந்தாது. அங்கே, சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு நல்லெண்ணத்தில் செய்த உதவி குற்றமாகாது என்ற பழைய சட்டம்தான் துணை. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 30-ஆம் பிரிவு. போர்வை கட்டிச் சுமந்த குரங்கணி ஆட்களுக்கு இந்த நம்பர் எதுவும் தெரிந்திருக்காது. தெரியாமலே ஏறினார்கள்.

போன வருஷம் அதே மலைப்பாதை. வேறு வளைவு. ஒரு பையன் பைக்கோடு சறுக்கிக் கிடந்தான். கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடாவைத் திறக்கிறார், ஒருவர் கையைப் பிடித்துத் தூக்கப் போகிறார்.

"யாரும் தூக்காதீங்க!" என்று கத்தினேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம்.

"நீங்க டாக்டரா சார்?"

"இல்லைங்க... ஏலக்காய்க் கடையில கணக்கு."

ஒரு மாதிரி பார்த்தார்கள். "தம்பி, காலைக் கட்டலாமா?" என்று கேட்டேன். தலையாட்டினான். இரண்டு காலுக்கும் நடுவில் மடித்த சட்டையை வைத்து, ஆட்களிடம் துண்டுகள் வாங்கி, என் தோளில் கிடந்த துண்டையும் சேர்த்து, மேலும் கீழுமாகக் கட்டினேன். கை நடுங்கியது. 108-க்கு ஒருவர் பேசினார். இப்போது டவர் கிடைக்கிறது. வண்டி வரும்வரை அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்து, அவனுடைய பரீட்சை அரியர் கதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய தம்பி காலைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"யாருங்க கட்டினது?"

எனக்கு நெஞ்சு திக்கென்றது. பதினாலு வருஷத்துக்கு முந்தைய அதே கேள்வி. முன்னால் போகலாமா, கூட்டத்தில் கரைந்துவிடலாமா? மெதுவாகக் கையைத் தூக்கினேன்.

"கரெக்டா இருக்கு சார். அப்படியே ஏத்திக்கிறோம்."

அவ்வளவுதான் சொன்னார். வண்டி வளைவு தாண்டி மறையும்வரை நின்றேன். நோட்டில் பெயர் கேட்டிருந்தால் இந்தத் தடவை என் பெயரையே எழுதியிருப்பேன். கேட்கத்தான் ஆளில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் விலாவாரியாகச் சொன்னேன். கண் கலங்கக் கேட்டாள். கடைசியில் கேட்டாள்:

"எல்லாம் சரிங்க... போன வாரம் வாங்கின அந்தப் புதுத் துண்டு எங்க?"