தலைக் கணக்கு

கடல் கடந்து பாதிரிமார்கள் நம் நாட்டுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1706-ம் ஆண்டில் ஸீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். புயலும் விஷ ஜுரமுமே அந்தக் காலத்து மிஷனெரிகளுக்குப் பெரிய பயங்களாக இருந்திருக்கும். இப்போது காற்று மாறி அடிக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளே மிஷனெரிகளாக அந்நிய தேசங்களுக்கு விமானம் ஏறுகிறார்கள். நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருக்கும் ஆசிரியரின் குமாரியும் அப்படித்தான். நர்ஸ் வேலைக்குப் படித்த பெண். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு மூன்று வருஷத்துக்குப் போகிறாள். புறப்படுமுன் அவர்கள் சங்கத்தார் ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தகப்பனாருக்கு உடம்பு சரியில்லாததால், துணைக்கு நாம் போக நேர்ந்தது.

பாட்டும் பிரசங்கமும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்தோம். வகுப்பை நடத்த வந்தவரோ ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கரும்பலகையில் அவர் எழுதிய முதல் வார்த்தை, "வெடிகுண்டு."

"உங்களைப் பயமுறுத்த வரவில்லை. பயம் வந்தபிறகு மூளை வேலை செய்யாது, ஆகையால் கை கால்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவைக்க வந்தேன்" என்று ஆரம்பித்தார். 2016-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி காலையில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில், பிரயாணிகள் கூடி நின்ற மண்டபத்தில், சில நொடி இடைவெளியில் இரண்டு குண்டுகள் வெடித்தன. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பின் சுரங்க ரயிலில் இன்னொன்று. கொலைகாரர்களைத் தவிர 32 பேர் மாண்டார்கள். விமான நிலையத்தில் காயமுற்றவர்களில் மார்மன் சபை மிஷனெரிகள் நால்வர். மூவர் அமெரிக்கர், ஒருவர் பிரெஞ்சுப் பெண். "இவர்கள் யுத்த களத்துக்குப் போனவர்களல்ல, அம்மா. பெட்டி படுக்கையோடு பிரயாணத்துக்கு வந்தவர்கள்" என்றார்.

பிறகு டெலிபோன் மிரட்டலுக்கு வந்தார். "மிரட்டுகிறவன் பேசும்போது நீங்கள் போனை வைக்காதீர்கள். அவன் வைத்தாலும் நீங்கள் வைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குச் சீட்டு எழுதிக் காட்டுங்கள். அவர் வேறு போனில் போலீஸைக் கூப்பிடட்டும். நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருங்கள். குண்டு எங்கே இருக்கிறது? எப்போது வெடிக்கும்? பார்க்க எப்படி இருக்கும்? எதனால் வெடிக்கும்? வைத்தது நீதானா? ஏன்? உன் பெயர் என்ன? பெயரைக் கேட்டதும் சொல்லிவிடுகிற அசடர்களும் உலகத்தில் உண்டு. அவன் சொல்லும் வார்த்தையை அப்படியே எழுதுங்கள். பின்னால் ரயில் சத்தம் கேட்கிறதா, குழந்தை அழுகிறதா, அதையும் எழுதுங்கள்."

எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நம்முடைய பேனா மட்டும் ஓடவில்லை.

இருபது வருஷங்களுக்கு முன்பு நாம் குமாஸ்தாவாக இருந்த காரியாலயத்துக்கு அப்படி ஒரு போன் வந்தது. எடுத்தவர் நாமேதான். "குண்டு" என்ற சொல் காதில் விழுந்தது. அடுத்த கணம் போன் கையில் இல்லை. "ஓடுங்கள்!" என்று கத்திக்கொண்டு நாம்தான் முதலில் ஓடினோம். போலீஸார் வந்து, "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டபோது நமக்கு ஒரு வார்த்தையும் நினைவில்லை. ஆணா, பெண்ணா என்பதுகூடத் தெரியவில்லை.

அது போகட்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் யாரோ கேட்டார்கள்: "மாடியில் பெரியவர் இருந்தாரே, இறங்கினாரா?" பழைய கட்டுகள் வைக்கும் அறையில் வேலை செய்த கிழவர் அவர், இரண்டு காதும் மந்தம். போலீஸார் மேலே போனபோது, அவர் நிம்மதியாக உட்கார்ந்து தஸ்தாவேஜுகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாராம். மிரட்டல் வெறும் புரளியாகப் போயிற்று. "என்னை யாரும் கூப்பிடவில்லையே, சாமி" என்று மாத்திரம் மறுநாள் நம்மிடம் சொன்னார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசிரியர் கணக்குப் பாடம் எடுத்தார். அமெரிக்க அரசாங்கத்தின் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா வெளியிட்ட அட்டவணை ஒன்றைக் காட்டினார். கைப்பெட்டியில் அடங்கக்கூடிய, சுமார் 50 பவுண்டு எடையுள்ள குண்டானால், திறந்த வெளியில் நிற்பவர்கள் 1,850 அடி தள்ளிப் போவது நல்லதாம். வாசல் மரத்தடியில் கூடி நின்று வேடிக்கை பார்ப்பது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று அப்போதுதான் விளங்கியது. சந்தேகமான பொருளைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, அதன் பக்கத்தில் நின்று செல்போனில் பேசக்கூடாது. ஜனங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடத்தை முதலில் சோதித்துவிட வேண்டும். ஏன் என்பதற்கு அவர் பாலித் தீவை உதாரணம் காட்டினார். 2002-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி இரவு அங்கே கேளிக்கை விடுதி ஒன்றில் குண்டு வெடித்தது. ஜனங்கள் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். தெருவிலே நிறுத்தியிருந்த வண்டியில் அதைவிடப் பெரிய குண்டு காத்திருந்தது. மாண்டவர்கள் 202 பேர்.

அப்போது நம் பெண் எழுந்தாள். "ஐயா, காயம்பட்டவர் உள்ளே கிடந்து கூப்பிட்டால், நர்ஸாகிய நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பதா?"

மண்டபம் நிசப்தமாயிற்று. பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை.

"போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது, அம்மா. சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. ஆனால் இரண்டாவது குண்டு, நர்ஸ் என்று பார்க்காது. நடக்கக்கூடியவர்களைக் குரல் கொடுத்து வெளியே வரச் செய். கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல், பட்டையால் இறுக்கிக் கட்டு. கட்டிய நேரத்தைக் குறித்துவை. ஆளை எடுத்துக்கொண்டு விலகிவிடு. அங்கேயே உட்கார்ந்து ஆஸ்பத்திரி நடத்தாதே. இன்னொன்று: நீ உள்ளே போவது வெளியில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். உன் தலையையும் யாராவது எண்ண வேண்டுமல்லவா?"

அதன்பின் மின்னி வாட்ரின் என்ற அமெரிக்க அம்மையாரைப் பற்றிச் சொன்னார். 1937-ல் ஜப்பானிய விமானங்கள் சீனாவின் நான்கிங் நகரில் குண்டு பொழிந்தபோது, அந்த அம்மையார் அங்கே ஜின்லிங் பெண்கள் கல்லூரியின் பொறுப்பிலிருந்தார். ஊரைவிட்டுப் போகும்படி அமெரிக்கத் தூதராலயம் சொல்லியும் போகவில்லை. ஆனால் வெறும் தைரியத்தை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடவுமில்லை. விமானிகள் கண்ணில் படும்படி பெரிய அமெரிக்கக் கொடி ஒன்றைக் கல்லூரி மைதானத்தில் விரித்துவைத்தார். மேஜை நாற்காலிகளை அப்புறப்படுத்தி, அகதிகள் தங்குவதற்கு அறைகளைக் காலி செய்தார். டிசம்பரில் நகரம் விழுந்தபோது, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். உச்ச நிலையில் சுமார் 10,000 பெண்களும் குழந்தைகளும். எல்லோரையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த வேதனை அவர் மனசை அரித்தது. தாய்நாடு திரும்பிய அவர் 1941-ல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். "ஆகையால் உங்கள் மனசுக்கும் கட்டுப் போட ஆள் வேண்டும். பயங்கரத்தைப் பார்த்தபின் வாயை மூடிக்கொண்டிராதீர்கள்" என்று பெரியவர் முடித்தார்.

வாயை மூடிக்கொண்டிருப்பதில் நமக்கு இருபது வருஷத்து அனுபவம் உண்டு. திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் மாடியறைக் கிழவரின் கதையை முதன்முறையாகச் சொன்னோம். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே வெகு நேரம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

போன வாரம் அவளை வழியனுப்ப விமான நிலையம் சென்றோம். தாயார் ஊறுகாய்ப் பாட்டிலைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு விசில், இறுக்கிக் கட்டும் பட்டை, ஒரு சின்ன நோட்டுப் புஸ்தகம். அவள் நோட்டைத் திறந்து நம்மிடம் காட்டினாள்.

"மாமா, அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் நாற்பத்தொரு பேர். எழுதிக் கேட்டு, பெயரெல்லாம் வாங்கிவிட்டேன். அவர்களில் காது கேளாதவர் யாராவது உண்டா என்றும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை."

நமக்குப் பேச்சு எழவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் அவள் மறைகிற வரையில் நின்றோம். பிறகு, வந்தவர்கள் எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டார்களா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக எண்ணிப் பார்த்துவிட்டு வீடு திரும்பினோம்.