பிராசஸரோ, கிராபிக்ஸ் கார்டோ?

பொருள் மிக உடையார்க்கு ஐயங்கள் சில. அளவாய் உடையார்க்கோ ஐயங்கள் பல. இரண்டையும் வாங்க வல்லார் ஆராய வேண்டுவதில்லை. ஒன்றையே வாங்க இயலுமெனின், எதனை வாங்குவதென்ற ஆராய்ச்சி தானே தோன்றும். அத்தகைய ஆராய்ச்சியொன்று வேங்கிக்காலில் உள்ள எங்கள் இல்லத்தில் நிகழ்ந்தது. அதனை நம் கல்லூரி நண்பர்க்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தென எண்ணி எழுதலுற்றேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றே. யான் கல்லூரிப் பாடங்களை எழுதுவதும், தம்பி தன் தோழரோடு கவுன்டர் ஸ்ட்ரைக் 2 என்னும் விளையாட்டை ஆடுவதும் அதில்தான். அதன் பிராசஸர் 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ரைசன் 3 1200. கிராபிக்ஸ் கார்டு 2019-இல் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 1650. ஆட்டம் மும்முரமாகுங்கால் காட்சி தயங்கித் தயங்கி நகரும். எங்கள் அன்னையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த ரூ.15,000-ஐ எடுத்துத் தந்து, "இருவருக்கும் பயன்படும்படி செய்யுங்கள்" என்றார். பழைய கிரைண்டரை மாற்றவென்று அவர் வைத்திருந்த பணம் அது. ஆதலின் எங்கள் பொறுப்பு பெரிதாயிற்று.

தம்பியோ, "கார்டைத்தான் மாற்ற வேண்டும், அக்கா, என் தோழர் யாவரும் அதையே சொல்கின்றனர்" என்றான். தோழர் சொல்லைத் தள்ளவும் மனமில்லை; ஆராயாது கொள்ளவும் மனமில்லை.

இவ்விரு கருவிகளின் தொழிலையும் சிறிது நோக்குவோம். திரையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமாயின், ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் ஏறக்குறைய 16.7 மில்லி விநாடியே. அதற்குள், யார் எங்கே நிற்கிறார், குண்டு எவ்வழிச் செல்கிறது, எதனை வரைய வேண்டும் என்பவற்றைப் பிராசஸர் முடிவு செய்து கட்டளையிட வேண்டும். அக்கட்டளையின்படி 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள திரையின் 20,73,600 புள்ளிகளுக்கும் நிறம் தீட்டுவது கார்டின் வேலை. முன்னதில் உள்ளவை 4 கோர்கள். பின்னதில் உள்ளவை 896 சிறு கோர்கள். முன்னது எண்ணித் துணிவது. பின்னது பலர் கூடிச் செய்வது. ஏரி நிறைந்திருப்பினும் மதகு சிறிதாயின் கடைமடைக்கு நீர் எட்டாது. மதகு பெரிதாயினும் ஏரி வறண்டிருப்பின் பயனில்லை. அதுபோல இரண்டனுள் தாழ்ந்தது எதுவோ, அதுவே வேகத்தை வரையறுக்கும்.

தாழ்ந்தது எது என்று அறியும் வழி மிக எளிது. திரையின் அளவை 1280-க்கு 720 ஆகக் குறைத்தோம். அப்போது தீட்ட வேண்டிய புள்ளிகள் 9,21,600 மட்டுமே. கார்டின் சுமை பாதிக்கும் கீழே இறங்குகிறது. பிராசஸரின் சுமையோ பெரிதும் மாறுவதில்லை. கார்டே தடையாயிருப்பின் வேகம் நன்கு உயர்ந்திருக்க வேண்டும். எங்கள் கம்ப்யூட்டரிலோ விநாடிக்கு 58 படங்கள் 61 ஆயின, அவ்வளவே. பிராசஸர் முழுமூச்சாய் உழைக்க, கார்டு ஓய்ந்திருந்ததையும் அளவுகாட்டும் மென்பொருள் தெரிவித்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஜிடிஎக்ஸ் 1650 கொள்ளும் மின்சாரம் 75 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டு கொள்வது 170 வாட். அதனை வாங்கின் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டும். பிராசஸர் செய்தியோ வேறு. எங்கள் மதர்போர்டு ஏஎம்4 வகையினது. 2022-இல் வெளிவந்த ரைசன் 5 5600-உம் அவ்வகையிற் பொருந்துவதே. பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளை முன்னதாகப் புதுப்பித்தல் மட்டும் வேண்டும். அதன் 6 கோர்கள் தம்பியின் ஆட்டத்திற்கும் என் பாடவேலைக்கும் ஒருங்கே உதவும். புதிய கார்டு என் எழுத்து வேலையை விரைவுபடுத்தாது. அன்னையார் "இருவருக்கும்" என்றாரன்றோ?

பிராசஸரையே வாங்கினோம். ஆட்டத்தின் தயக்கம் நீங்கிற்று. எஞ்சிய தொகையை அன்னையார் கையிற் கொடுத்தோம். ஆயினும் ஒளியும் நிழலும் மிக்க வேறு சில விளையாட்டுகளில் கார்டின் குறை இன்னும் தெரிகிறது. தம்பி அதனை நாள்தோறும் நினைவூட்டத் தவறுவதில்லை. அவற்றையே ஆடுவோர் வீட்டில் எங்கள் முடிவு பொருந்தாது. அங்கே கார்டே முதன்மையாகலாம். ஆகவே பிறர் முடிவை இரவல் வாங்காது, அவரவர் தத்தம் கருவியை அளந்தறிதலே நன்று.

ஒரு வேலையின் ஒரு பகுதியை எத்துணை விரைவாக்கினும், மற்றப் பகுதியின் தாமதம் முழுப் பயனையும் கட்டுப்படுத்தும் என்பதை ஜீன் ஆம்டால் என்னும் அறிஞர் 1967-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. தேர்வில் மதிப்பெண் குறைந்ததென்று புதிய நூல்களை வாங்கிக் குவிக்கும் மாணவ நண்பர்காள், குறை நூலிலா, உறக்கத்திலா, பழகாத கையெழுத்திலா என்று முதலில் அளந்து பாருங்கள். அளப்பதற்குச் செலவு சிறிதுமில்லை.