சமபந்திச் சிற்றுண்டி

வீட்டிலே சுடச் சுட இட்டிலி காத்திருக்கும்போது, அதை விட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்கு வெளியே போய்த் தம் சொந்தச் செலவில் பலகாரம் உண்ணும் மனிதரைப் பற்றி நேயர்கள் என்ன நினைப்பார்கள்? எங்கள் வீட்டில் நினைத்ததையேதான் நினைப்பார்கள். ஆயினும் மூன்று வருஷங்களாகப் புதன்கிழமைதோறும் நான் அப்படித்தான் செய்து வருகிறேன். நாகர்கோவில் வடசேரியில் ஒரு ஹோட்டலின் மாடியில் எங்கள் சங்கம் கூடுகிறது. சங்கம் என்றதும் தமிழாராய்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். வியாபாரிகளும் தொழில் நடத்துவோருமாக முப்பது பேர். அவர்களில் அச்சுக்கூடம் வைத்திருப்பவன் நான்.

நடைமுறை மிகவும் எளிது. புட்டும் பயறும் பப்படமும் இலைக்கு வந்தவுடன் அங்கத்தினர் ஒவ்வொருவராக எழுந்து தம் தொழிலைப் பற்றி ஒரு நிமிஷம் பேச வேண்டும். காரியதரிசியின் முன்னால் கடியாரம் இருக்கும். அறுபதாவது விநாடியில் மணி அடித்துவிடுவார். எங்கள் கிரைண்டர் வியாபாரி இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவையாவது தம் கடைசி வாக்கியத்தை முடித்ததில்லை. அப்பால் சீட்டு மாற்றும் படலம். 'ஒழுகினசேரியில் என் சிநேகிதர் வீடு கட்டப்போகிறார், போய்ப் பாருங்கள்' என்று நான் எழுதி என்ஜினீயரிடம் நீட்டுவேன். அவர் தமக்குத் தெரிந்த வீட்டுக் கல்யாண அழைப்பிதழை என் பக்கம் திருப்பிவிடுவார். சென்ற வாரச் சீட்டுகளால் எத்தனை ரூபாய்க்கு வியாபாரம் ஆயிற்று என்பதைப் பொக்கிஷதார் கூட்டிச் சொல்வார். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் அங்கத்தினராகலாம். தையற்காரர் ஒருவர் உள்ளே இருந்தால் இரண்டாவது தையற்காரர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். இது நியாயமான விதி என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் என் அச்சுக்கூடத்துக்கு அனுகூலமான விதி என்பதால் அதை உரக்கச் சொல்வதில்லை.

இந்த ஏற்பாடு அமெரிக்கச் சரக்கு. 1905-ஆம் வருஷம் பிப்ரவரி 23-ஆம் தேதி சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், நிலக்கரி வியாபாரி ஒருவர், சுரங்க என்ஜினீயர் ஒருவர், தையற்காரர் ஒருவர் ஆகிய மூவருடன் கூடிப் பேசினார். முறை வைத்து ஒருவர் இடம் மாற்றி ஒருவர் இடத்தில் கூடியதால் அதற்கு ரோட்டரி என்று பெயர் வந்தது. 1985-இல் காலிபோர்னியாவில் ஐவன் மைஸ்னர் என்பவர் தொடங்கிய பி. என். ஐ. என்னும் அமைப்பு, வியாபாரச் சீட்டையும் காலைச் சிற்றுண்டியையும் சேர்த்து முடிச்சுப் போட்டு உலகெங்கும் பரப்பிற்று. எங்கள் சங்கம் எதற்கும் கிளை அன்று. இவற்றைப் பார்த்து நாங்களாகவே அமைத்துக்கொண்டது.

லாபத்தைக் கருதாமல் கூடிப் பேசும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன? மலைக்கு வடக்கே திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியைத் தமிழ் அறிந்தவர்கள் மறக்க மாட்டார்கள். கம்பனைக் கேட்க வந்தவர்கள் அங்கே எந்தச் சீட்டையும் கொடுத்து வாங்கவில்லை. எங்கள் நாகர்கோவிலிலேயே எழுத்தாளர் சுந்தர ராமசாமி 'காகங்கள்' என்ற பெயரில் நண்பர்களைக் கூட்டி விவாதம் நடத்தினார். அவரோ ஜவுளிக் கடை நடத்தியவர். ஆனால் அந்தக் கூட்டத்தில் துணி விற்றதாக யாரும் சொன்னதில்லை.

அந்த வாசனை எங்கள் சங்கத்திலும் உண்டு. ஆனால் வாரத்துக்குப் பதினைந்து நிமிஷந்தான். அதுவே விருந்தாளி பேசும் நேரம். விருந்தாளி இந்தப் பிரதேசத்துக்காரராக இருக்க வேண்டும். தம் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். எதையும் விற்கக் கூடாது. நான் புதன்கிழமை இட்டிலியைத் தியாகம் செய்வது உண்மையில் இதற்காகத்தான்.

தோவாளையிலிருந்து மாலை கட்டுபவர் ஒருவர் வந்தார். செவ்வரளியையும் வெள்ளரளியையும் பச்சிலையையும் மடித்துப் பட்டையாகக் கட்டும் மாணிக்க மாலையைக் கொண்டுவந்திருந்தார். கல் இழைத்த நகையோ என்று மயங்கும்படி இருந்தது. 'இவ்வளவு காலையில் வந்துவிட்டீர்களே' என்று எங்கள் அக்கிராசனர் உபசாரமாகச் சொன்னபோது அவர் சிரித்தார். விடியுமுன்பே கூடிவிடும் பூச்சந்தைக்காரருக்கு ஏழு மணி என்பது ஏறக்குறைய மத்தியானம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கேரளத்தில் ஓணம் வந்தால் தோவாளையில் தூக்கம் கிடையாது என்றார். வடசேரியில் பரத நாட்டியத்துக்கான கோயில் நகை செய்பவர் மற்றொரு வாரம் வந்தார். அவருக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் நெற்றிச்சுட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கல் பதிக்கும் விதத்தைக் காட்டத் தொடங்கியதும் முப்பது பேரும் இலையை விட்டு எழுந்து அவரைச் சூழ்ந்துகொண்டோம்.

சின்னத்துறை மீனவர் வந்த காலைதான் என் மனத்தை விட்டு அகலாமல் நிற்கிறது. தூத்தூர்க் கரையோரத்தார் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பெயர் போனவர்கள். ஐஸும் அரிசியும் டீசலும் ஏற்றிக்கொண்டு போனால் வாரக்கணக்கில் அரபிக் கடலிலேயே தங்குவார்கள். 2017-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி குமரிக் கடலில் ஒக்கிப் புயல் உருவெடுத்தபோது, பல படகுகள் நாள்கணக்கில் கரையை விட்டு நெடுந்தூரம் போயிருந்தன. இந்த மனிதர் எங்கள் மேஜையிலிருந்த இட்டிலித் தட்டை நகர்த்தி வைத்தார். "இது கரை. வயர்லெஸ்ஸில பேசினா இந்தச் சட்னிக் கிண்ணம் வரைக்கும் கேக்கும். நாங்க கிடந்தது அந்தச் சன்னலுக்கு வெளியே" என்றார். சற்று நிறுத்திவிட்டு, "எச்சரிக்கை சொன்னாங்களா, சொல்லலையான்னு எல்லாரும் கேக்காங்க, அண்ணாச்சி. சொல்லியிருப்பாங்க. கேக்குற தூரத்துல நாங்க இல்லை" என்றார். தாம் கரை சேர்ந்ததையும், தம்முடன் கிளம்பிய மற்றொரு படகு சேராததையும் ஒரே குரலில் சொன்னார். மணி அடிக்க வேண்டிய காரியதரிசி கடியாரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அன்று சீட்டு மாற்றும் படலம் நடக்கவில்லை.

பேச்சு முடிந்து அவர் எங்கள் வரிசையின் நடுவில் அமர்ந்து ரசவடையும் மட்டிப்பழமும் சாப்பிட்டார். இதில் என்ன அதிசயம் என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். அந்த ஹோட்டலிலிருந்து புறப்பட்டால் கொஞ்ச நேரத்தில் சுசீந்திரம் போய்ச் சேரலாம். அங்கே கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லோரும் நடக்க உரிமை வேண்டி 1926-இல் டாக்டர் எம். இ. நாயுடுவும் தொண்டர்களும் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் எல்லா ஹிந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் தேதிப் பிரகடனத்துக்குப் பிறகுதான். அதற்கு வெகுகாலம் முன்பே சாமித்தோப்பில் வைகுண்ட சுவாமிகள், எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்று நீரை உபயோகித்து ஒன்றாக உண்ண வேண்டும் என்று செய்து காட்டினார். அவர் மறைந்தது 1851-இல். ஆகவே நாஞ்சில் நாட்டில் ஒரே வரிசையில் இலை போடுவது சாப்பாட்டு விஷயம் மட்டும் அன்று. அமெரிக்காக்காரர்கள் காலை உணவை அவசரத்தினால் கூட்டத்தோடு சேர்த்தார்கள். எங்கள் ஊருக்கு வந்ததும் அதற்கு அவர்கள் நினைத்திராத வேறோர் அர்த்தம் ஏற்பட்டுவிட்டது.

இப்படியிருக்க, சென்ற மாதம் ஒரு பிரேரணை வந்தது. விருந்தாளி பேச்சை எடுத்துவிட்டு அந்த நேரத்தையும் சீட்டுக்கே கொடுத்துவிட வேண்டும் என்றார் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இளைஞர். கெட்டிக்காரர், கணக்கோடு வந்திருந்தார். வாரம் பதினைந்து நிமிஷம் என்றால் வருஷத்துக்குப் பதின்மூன்று மணி நேரம். இதுவரை எந்த விருந்தாளியாலும் ஒரு ரூபாய் வியாபாரம் நடக்கவில்லை. கணக்கில் பிசகு இல்லை. பொக்கிஷதாரும் ஆமோதித்தார்.

நான் எழுந்து ஆட்சேபித்தேன். "நம் முப்பது பேருக்கும் ஒருவர் சரக்கு மற்றவருக்குத் தலைகீழ்ப் பாடம். மாலை கட்டுபவரும் மீனவரும் நம் சந்தாவைக் கட்டி அங்கத்தினராகப் போவதில்லை. இந்தப் பதினைந்து நிமிஷந்தான் அவர்கள் நம் வரிசைக்கு வரும் வாசல். அதை அடைத்தால், நம்மைப் போன்றவர்களோடு மட்டும் நாம் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். அது எங்கே போய் நிற்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை" என்றேன். என் பேச்சினால் எத்தனை வோட்டு விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கோட்டாற்று அரிசி மண்டி அண்ணாச்சி தம் இலையைப் பார்த்தபடியே, "வீட்டுக்கு வந்தவனைக் கணக்குப் பாத்தா வெளியே அனுப்புவே? நல்லா இருக்குடே!" என்றார். பதினாறுக்குப் பதின்மூன்று, பிரேரணை தோற்றது. சமாதானத்துக்காக விருந்தாளியின் நேரம் பன்னிரண்டு நிமிஷமாகக் குறைந்தது. அண்ணாச்சிக்கு அதிலும் வருத்தந்தான்.

அடுத்த விருந்தாளியாகக் கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டும் அம்மாள் ஒருவரை அழைத்திருந்தோம். வர முடியாது என்று பதில் வந்துவிட்டது. காலைக் குளிர்ச்சியில்தான் மரம் நன்றாகப் பால் வடிக்குமாம். நாங்கள் பலகாரத்துக்கு உட்காரும் நேரத்தில் அவர் மரத்துக்கு மரம் கத்தியோடு நடந்துகொண்டிருப்பாராம். கேட்க விருப்பமிருந்தால் தோட்டத்துக்கே வரலாம் என்றும் சொல்லியனுப்பியிருக்கிறார். அங்கே போனால் அதைக் கூட்டமாகக் கணக்கிடலாமா, வராதவர்களுக்கு ஆஜர் உண்டா என்று காரியதரிசி நீண்ட நேரம் யோசித்தார். கடைசியில் இரண்டு வண்டி பேசியாயிற்று. புட்டு ஆறிப்போகும் என்பதால் இடியாப்பம் என்று முடிவு. தோட்டத்தில் அட்டை அதிகமாம். உப்பு மூட்டை கட்டிக்கொண்டு வரும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள்.