அஞ்சுவண்ணம்

தன் வீட்டில் உண்டு உறங்குதல் எவர்க்கும் எளிது. பிறர் நாட்டில் பெருமையோடு வாழ்தல் அரிது. வந்தவர் பண்பும் வரவேற்றவர் பண்பும் ஒருங்கே அமைந்தாலன்றி அது கைகூடாது. அங்ஙனம் கைகூடியதற்குச் சான்றாக விளங்குவது கொச்சி யூதர் வரலாறு.

திருச்செங்கோட்டில் வாழும் நமக்குச் சேரநாடு சேய்மையன்று. பாலைக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே சென்றால் கடற்கரையை அடையலாம். அக்கரையிலுள்ள கொடுங்கல்லூரில் யூத வணிகர் முற்காலத்தே குடியேறினர். கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேரமன்னன் பாஸ்கர இரவிவர்மன், அவர்தம் தலைவன் ஜோசப் ரப்பானுக்குச் செப்பேடு ஒன்று வழங்கினான். அது வட்டெழுத்தால் ஆயது. அதன் சொற்களுள் பல தமிழறிந்தார்க்கு எளிதில் விளங்குவன. அதனைப் பயின்றபோது யான் பெரிதும் வியந்தேன். ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகக் குழுவின் தலைமையும் 72 உரிமைகளும் அவனுக்கு அளிக்கப்பட்டன. பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் ஆகியன அவற்றுட் சில. உயர்குடியினர்க்கே உரிய இச்சிறப்புகள், உலகும் திங்களும் உள்ளளவும் அவன் வழியினர்க்கும் உரியவாயின.

பிற்காலத்தில் யூதர் கொச்சிக்குப் பெயர்ந்தனர். ஆங்குப் போர்த்துக்கேயர் அவர்களைத் துன்புறுத்தியபோது, கொச்சி அரசர் மட்டாஞ்சேரியில் தம் அரண்மனையை அடுத்தே இடமளித்துக் காத்தார். அவ்விடத்தில் 1568ஆம் ஆண்டு எழுந்த தொழுகையகம் 1662இல் போர்த்துக்கேயரால் அழிக்கப்பட்டு, 1664இல் மீண்டும் எழுந்தது. பணியினின்று ஓய்வு பெற்றபின் யான் அங்குச் சென்றிருந்தேன். அரண்மனைக் கோயிலும் யூதர் தொழுகையகமும் அண்டை வீட்டார்போல் அருகருகே நிற்கக் கண்டு மகிழ்ந்தேன்.

எனினும், புறத்தே மதிப்புப் பெற்ற அவர்கள் அகத்தே வேற்றுமை பாராட்டினர். அடிமைகளாய் இருந்தோரின் வழியினர் என்று சிலரை ஒதுக்கி, தொழுகையகத்தில் சமமாக அமரவொட்டாது தடுத்தனர். ஒதுக்கப்பட்டோருள் தோன்றிய வழக்குரைஞர் ஏ. பி. சேலம் என்பார், காந்தியடிகளின் அறப்போர் நெறியில் நின்று அத்தடையைத் தளர்த்தார். நம் ஊர்க்கு அணித்தாகிய புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டு இராஜாஜி ஆசிரமம் நிறுவித் தீண்டாமைக்கு எதிராகப் பணியாற்றியதை இங்கு நினைத்தல் தகும். ஈரிடத்தும் நோய் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

1948இல் இசுரேல் நாடு தோன்றியது. எவரும் துரத்தாதிருந்தும், முன்னோர் மண்ணின்மீது கொண்ட பற்றால் கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்குச் சென்றனர். அவர்தம் பொதுத்தொழுகைக்குப் பத்து ஆடவர் கூடல் வேண்டும். இன்று மட்டாஞ்சேரியில் அத்தொகையும் தேறாது.

மாணவர்களே! செப்பேட்டைப் பெற்ற குடி அருகிவிட்டது. அதனை வழங்கிய மனம் அருகலாகாது. வேற்று மொழியும் வேற்றுச் சமயமும் உடையார் நம் வாயிலை நாடி வரின், அவர்க்கு நாம் முதற்கண் அளிக்கத்தக்கது மதிப்பே அன்றோ!